பட்டியலில் ஏழாவதாக இருந்த எங்கள் அப்பா

அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைந்த இந்த நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அயலவர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக வாசியுங்கள். வாசித்த பிறகு என்னோடு கோபிக்க வேண்டியவர்கள் தாராளமாகக் கோபித்துக்கொள்ளலாம். நானும் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

மலருக்கு ஆயத்தம் செய்யத் தொடங்கிய அன்றே கனடாவிலிருந்து தொலைபேசி வந்தது. அப்பாவின் தங்கையுடைய மகன். அப்பா வெளுத்துத் தேய்த்து அனுப்பிய காசில் படித்து, அப்பா பிடித்துக் கொடுத்த ஏஜென்சி மூலம் விமானம் ஏறியவர்.

"மச்சாள், மலரில மாமாவைப் பற்றி நல்லா எழுதுங்கோ. ஆனா லோண்டரியைப் பற்றி ஒண்டும் போட்டிடாதேங்கோ. இஞ்ச என்ர மூத்தவளுக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடக்குது. மலர் எல்லா இடமும் போகும், தெரியும்தானே?"

தெரியும் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அந்த வாரமே வட்டாரப் பிரஜைகள் குழுவிலிருந்து ஓர் அஞ்சலிக் கட்டுரை வந்து சேர்ந்தது. "எமது குழுவின் மூத்த உறுப்பினர், வர்த்தகப் பிரமுகர், சமூகத் தொண்டர்" என்று தொடங்கியது. இரண்டு பக்கம். கீழே தலைவரின் கையொப்பம். அதை நான் இந்த மலரில் சேர்க்கவில்லை. உறையிலே போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். வர்த்தகப் பிரமுகராம்! எப்படித்தான் வாய் கூசாமல் எழுதினார்களோ.

நாங்கள் ஒருவரைச் சந்தித்தால் ஊரைக் கேட்போம், பிறகு குறிச்சியைக் கேட்போம், பிறகு எந்தக் கோயிலடி என்று கேட்போம். அதன் பிறகுதான் கதிரையைக் காட்டுவதா, வாசலில் நிறுத்திக் கதைப்பதா என்று முடிவு செய்வோம். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். அப்பா யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஓர் அம்மன் கோயிலுக்குப் பின்னாலுள்ள குறிச்சியில் பிறந்தார். அவருடைய தகப்பனார் ஊருக்கு வெளுத்தவர். அப்பாவும் வெளுத்தார். ஐம்பது வருடத்துக்கு மேல் அதையே செய்தார், சுத்தமாகச் செய்தார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. தன் தகப்பனை ஊர்ச் சிறுவர்கள் "நீ" என்றும் "வா" என்றும் கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்தவர், பதினாலாவது வயதில் ஒரு துணிப்பொட்டலத்தோடு ரயிலேறிக் கொழும்பில் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். அங்கே அவருடைய பெரியப்பாவுக்குத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு லோண்டரி இருந்தது. கப்பல் அதிகாரிகளின் வெள்ளை உடுப்புகளில் கை பழகினார். கூட வேலை செய்தவர்களில் பாதிப் பேர் சிங்களவர்கள். ஆறு மாதத்தில் அப்பா சண்டை பிடிக்கும் அளவுக்குச் சிங்களம் பேசினார். சண்டை பிடிக்கத் தெரிந்தால்தான் ஒரு மொழி தெரிந்தது என்று சொல்லலாம் என்பார்.

அம்மாவைக் கைப்பிடித்த பிறகு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் சொந்தமாகக் கடை போட்டார். முன்னால் கடை, பின்னால் இரண்டு அறை. நானும் தம்பிமார் இருவரும் அந்தச் சவர்க்கார வாசத்துக்குள்தான் படித்தோம். எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்தது. பக்கத்துப் பேக்கரி முதலாளி, அவர் சிங்களவர், மாச்சாக்குகளுக்குப் பின்னால் எங்களை இரண்டு நாள் ஒளித்து வைத்திருந்தார். ஊருக்குத் திரும்பிப் போவோம் என்று அம்மா அழுதார். "அங்க போய்த் திரும்பவும் ஆரின்ரயோ வாசல்ல நிக்கவோ?" என்று அப்பா கேட்டார். மூன்று மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் கடை திறந்தார்.

லோண்டரித் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற உடுப்பு மாறிப் போகாமல் இருக்க, கொலருக்கு உட்புறம் அழியாத மையால் ஒரு குறி போடுவார்கள். வீட்டுக்கு ஒரு குறி. அப்பாவின் குறிகளில் எழுத்து இல்லை. ஒரு கோடு, இரண்டு புள்ளி, ஒரு வளைவு என்று அவரே உண்டாக்கியவை. ஒழுங்கையில் இருந்த எல்லா வீடும், எல்லா லொட்ஜும், எந்த அறையில் யார் எப்போது வந்தார் என்பதும் அவருடைய தலைக்குள் குறியாக இருந்தன. பொலிஸ் நிலையத்தின் காக்கி உடுப்புகளும் எங்கள் கடைக்குத்தான் வந்தன.

தொண்ணூறுகளில் வடக்கிலிருந்து பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். ஆரோ ஒரு மாமா, எங்கேயோ ஒரு விசா. அதுவரைக்கும் லொட்ஜ் அறையில் நாலு பேராகப் படுத்திருப்பார்கள். நகரில் எங்காவது குண்டு வெடித்தால் பொலிசார் விடியப் பஸ்ஸைக் கொண்டுவந்து ஒழுங்கை வாயில் நிறுத்தி எல்லோரையும் ஏற்றுவார்கள். சிங்களம் தெரியாது. கேட்ட கேள்வி விளங்காது. நேற்றுத்தான் வந்தாய், இல்லையா என்று கேட்டால் பயத்தில் தலையை ஆட்டிவிடுவார்கள். அவ்வளவுதான்.

முதன்முதலில் அப்பா நிலையத்தில் வாய் திறந்தது, எங்கள் கடைக்கு முன்னாலிருந்த லொட்ஜில் தங்கிய ஒரு பிள்ளைக்காக. உடுப்புக் கட்டைக் கொடுக்கப் போன இடத்தில் அவனைக் கண்டிருக்கிறார். பழைய சார்ஜன்ட் ஒருவர் மேசையில் இருந்தார். இவன் நேற்று வந்தவன், யாருக்கும் இவனைத் தெரியாது என்றார் சார்ஜன்ட். அப்பா போய் அந்தப் பிள்ளையின் சேர்ட் கொலரைப் பிரட்டிக் காட்டினார்.

"மாத்தையா, இது என்ர குறி. இந்தக் குறி போட்டுப் பத்து மாசம். பாருங்கோ, எத்தினை தரம் வெளுத்து மங்கியிருக்கு. நேற்று வந்தவனுக்கு நான் போன ஆவணியில எப்பிடிக் குறி போடுறது?"

இதைச் சிங்களத்தில் சொன்னார். சார்ஜன்ட் தன் சொந்தக் காக்கிக் கொலரைப் பிரட்டிப் பார்த்தாராம். அங்கேயும் அப்பாவின் குறி. சிரித்துவிட்டார். பிள்ளை அன்று பின்னேரமே வெளியே வந்தான். அதற்குப் பிறகு தாய்மார் விடியவே எங்கள் கடைக் கதவைத் தட்டத் தொடங்கினார்கள்.

பிறகுதான் குழு வந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் பொறுப்பான ஆட்களைக் கொண்டு ஒரு குழு அமைக்கச் சொல்லிப் பொலிஸ் கேட்டது. குழு உறுப்பினர் ஒருவர் "இவரை எனக்குத் தெரியும்" என்று கடிதம் கொடுத்தால் நிலையம் ஏற்றுக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர்களுக்கா பஞ்சம்? ஓர் ஓய்வுபெற்ற அரசாங்க உயரதிகாரி தலைவரானார். ஒரு கணக்காளர் செயலாளர். ஒரு சட்டத்தரணி, ஒரு டாக்குத்தர், காலி வீதியில் புடைவைக் கடை வைத்திருந்தவர், கோயில் தர்மகர்த்தா ஒருவர். ஆறு பேரும் பட்டியலோடு நிலையத்துக்குப் போனார்கள். அந்தச் சார்ஜன்ட் பட்டியலை வாசித்துவிட்டு, லோண்டரி முதலாளி எங்கே என்று கேட்டிருக்கிறார். அவர் இல்லாமல் குழு எதற்கு என்று கேட்டிருக்கிறார். ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்களாம். இப்படித்தான் அப்பா ஏழாவதாகச் சேர்ந்தார். எங்கள் சமூகம் விரும்பிச் சேர்க்கவில்லை. ஒரு சிங்களப் பொலிஸ்காரர் சொல்லிச் சேர்த்தார்கள். இதை அப்பாவின் பெருமையாகவும் எங்கள் எல்லோரின் வெட்கமாகவும் எழுதி வைக்கிறேன்.

கூட்டம் தலைவரின் வீட்டு ஹோலில் நடக்கும். ஆறு பேருக்குக் குஷன் கதிரை. அப்பாவுக்குக் கதவடியில் ஒரு ஸ்டூல். ஆறு பேருக்குச் சோசரோடு கோப்பையில் தேத்தண்ணி. அப்பாவுக்கு எவர்சில்வர் குவளை. அந்தக் குவளை கிணற்றடிப் பக்கம் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததை நான் என் கண்ணால் கண்டேன். கொழும்பில், குண்டு வெடிக்கிற காலத்தில்! எங்கள் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றியவன் ஒருவரிடமும் எந்தக் கோயிலடி என்று கேட்கவில்லை. அவனுக்கு எல்லோரும் ஒன்றுதான். எங்களுக்குத்தான் அந்த நேரத்திலும் குவளை வேறு, கோப்பை வேறு.

"ஏனப்பா அங்க போய் ஸ்டூலில இருக்கிறியள்?" என்று நான் சத்தம் போட்டேன்.

"கதிரையில இருக்கவே போறன்? பிள்ளையளை வெளியில எடுக்கப் போறன்" என்றார்.

பொலிஸ் நிலையம் எழுத்தில் கேட்டது: ஒவ்வோர் உறுப்பினரின் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், தொழில், பின்னணி. அப்போது நான் ரைப்ரைட்டிங் வகுப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். தலைவர் வீட்டில் ஒரு பழைய ரைப்ரைட்டர் இருந்தது. பட்டியலை அடித்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். பெருமையாகப் போனேன்.

பின்னணி என்ற அந்த ஒரு சொல்லுக்கு ஆறு பெரிய மனிதர்களும் படுத்திய பாட்டைச் சொல்லவேண்டும். தலைவர் தன் உத்தியோகங்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினார், தற்காலிகமாகப் பார்த்த மூன்று மாத வேலை உட்பட. சட்டத்தரணி தன்னைப் பற்றி ஒரு வரியும் மாமனாரைப் பற்றி நாலு வரியும் தந்தார். தர்மகர்த்தா தன் பாட்டனார் கட்டிய கோபுரத்தின் உயரத்தைச் சேர்க்கச் சொன்னார். ஐயா, கோபுரத்தின் உயரம் பொலிசுக்கு எதற்கு? டாக்குத்தர் தன் கல்லூரிக் கிரிக்கெட் அணியைச் சேர்த்தார். புடைவைக் கடைக்காரர் மட்டும், எனக்கு என்ன பிள்ளை, புடைவை விக்கிறன் எண்டு போடு என்றார். செயலாளர் அது போதாது என்று சொல்லி "ஜவுளி இறக்குமதியாளர்" ஆக்கினார். ஏழாவதாக அப்பாவின் பெயர். அதற்கு நேரே "வர்த்தகர்" என்று ஏறியது. பின்னணி என்ற இடத்தில் "நன்மதிப்புள்ள குடும்பம்" என்று இரண்டு சொல். தலைவர் கையெழுத்து வைத்தார். பட்டியல் போனது.

அப்பா அதைப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்குக் காட்டவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒன்றரை வருடம் அப்பா கொடுத்த கடிதங்களுக்கு அளவில்லை. மற்றவர்கள் கடிதம் கொடுக்க யோசிப்பார்கள். தெரியாத பிள்ளை, பிறகு ஏதும் நடந்தால் எங்கள் தலையில் விழும் என்பார்கள். வந்த தாயை "லோண்டரியடிக்குப் போம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். அப்பா போய் அறையைப் பார்த்து, பிள்ளையோடு கதைத்து, உடுப்பைப் பார்த்துத்தான் கையெழுத்து வைப்பார். கொட்டாஞ்சேனையிலிருந்தும் மட்டக்குளியிலிருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள். அங்கேயும் குழுக்கள் இருந்தன. அங்கேயும் கோபுர உயரம் சொல்லுகிறவர்கள்தான் இருந்தார்கள் போலும்.

பிறகு அந்தச் சார்ஜன்ட் கொட்டாஞ்சேனைப் பக்கம் மாறிப் போனார். நிலையத்துக்குப் புதிய அதிகாரி வந்தார். ஒரு குண்டு வெடிப்புக்குப் பிறகு விடியச் சுற்றிவளைப்பு நடந்தது. அள்ளப்பட்டவர்களில் செயலாளரின் தங்கை மகனும் ஒருவன். ஏழு மணிக்குச் செயலாளர் கடை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"கட்டாடியார், மருமகனைப் பிடிச்சுக் கொண்டு போட்டாங்கள். நீர் ஒருக்காப் போய்ப் பாரும்."

ஆபத்துக்குக் கூப்பிட வந்த இடத்திலும் அந்தச் சாதிப் பெயர். குழு உறுப்பினருக்குப் பெயர் ஒன்று இருந்தது. அது அந்த வாயில் ஒரு நாளும் வரவில்லை. அப்பா ஓமய்யா என்று சொல்லிச் சேர்ட்டை மாற்றிக்கொண்டு போனார்.

புதிய அதிகாரி பட்டியலை எடுத்தார். அடையாள அட்டையை எடுத்தார். அட்டையில் தொழில், சலவைத் தொழிலாளி. பட்டியலில் தொழில், வர்த்தகர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அப்பாவிடம் கேட்டிருக்கிறார். எது உண்மை? அப்பா, அட்டையில் உள்ளதுதான் உண்மை என்றார். அப்படியானால் பொலிசுக்குக் கொடுத்த பத்திரத்தில் பொய். தொழிலைப் பற்றிப் பொய் சொல்லுகிறவன் வேறு எதைப் பற்றிப் பொய் சொன்னான்? எத்தனை பேருக்குப் பொய்க் கடிதம் கொடுத்தான்? அந்த ஆட்கள் இப்போது எங்கே? அப்படி ஒரு சொல் பட்டியலில் இருப்பதே அப்பாவுக்கு அந்த நிமிடம்தான் தெரியும். உள்ளே போட்டார்கள்.

செயலாளரின் மருமகன் அன்று மாலையே வீடு வந்துவிட்டான். சட்டத்தரணி யாரையோ பிடித்தாராம். அப்பா பத்தொன்பது நாள் உள்ளே இருந்தார்.

வெளியே எடுக்க என்ன வேண்டும்? ஒரே ஒரு வசனம். பட்டியலில் கையெழுத்து வைத்த தலைவர் நிலையத்துக்கு வந்து, "தொழிலை அப்படிப் போட்டது அவரில்லை, நாங்கள்தான்" என்று சொல்லியிருந்தால் போதும். பேக்கரி முதலாளி விசாரித்துக்கொண்டு வந்து எங்களுக்குச் சொன்னது அதுதான். இரண்டாம் நாள் அம்மாவும் நானும் தலைவரின் வீட்டுக்குப் போனோம். கேற்றைத் திறக்கவில்லை. கேற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கதைத்தார்.

"ஐயா, நீங்க வந்து ஒரு சொல் சொன்னாப் போதுமாம்" என்று அம்மா கும்பிட்டார்.

"எனக்குப் போகேலாதெண்டில்லை. நான் போனா, அந்தச் சொல்லை ஆர் போட்டது எண்டு கேப்பாங்கள். அதுக்கு நான் என்ன சொல்லுறது?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "பட்டியலே பொய் எண்டு வந்தா குழு கலைஞ்சிடும். பிறகு ஆர் கடிதம் குடுக்கிறது? நாலு நாள் பொறுங்கோ. அவங்களே விட்டிடுவாங்கள்."

நாலு நாள்! உள்ளே இருந்தது அவருடைய மகன் என்றால் நாலு நிமிடம் பொறுத்திருப்பாரா? நாங்கள் மற்ற வீடுகளுக்கும் போனோம். டாக்குத்தர் கிளினிக்கில் இருந்தார். தர்மகர்த்தா பூசையில் இருந்தார். செயலாளர் வீட்டில் மருமகன் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான், ஜன்னலால் தெரிந்தது. செயலாளர் வெளியூர் என்றார்கள். புடைவைக் கடைக்காரர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலைவர் சொன்னால் வருகிறேன் என்றார். கடைசியில் எல்லோரும் கையை விரித்தார்கள்.

நிலையத்துக்குள் போக எங்களுக்கு ஒரு வழிதான் இருந்தது. கடையில் நாற்பது காக்கி உடுப்பு ஊறிக்கிடந்தது. அம்மா அவற்றை வெளுத்தார். நான் தேய்த்தேன். ஒரேயடியாகக் கொடுத்தால் அடுத்த நாள் போக முடியாது என்று, நாளுக்கு இரண்டு மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு காலையும் கொண்டு போனேன். அந்த அதிகாரியின் மேசைக்கு முன்னால் வைத்துவிட்டு நிற்பேன். அங்கிருந்து கூட்டுக்குள் அப்பாவின் கால் மட்டும் தெரியும். கால் அசைந்தால் அம்மாவிடம் போய்ச் சொல்லுவேன். அப்பாவை அடித்தவர்கள் போட்ட உடுப்பையும் நான்தான் மடிப்புக் கலையாமல் தேய்த்திருப்பேன்.

பேக்கரி முதலாளியும், ஒழுங்கை முனையில் தையல் கடை வைத்திருந்த முஸ்லிம் ஐயாவும் வீடு வீடாகப் போனார்கள். சிங்கள வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் கையெழுத்து வாங்கினார்கள். இந்த மனிதர் இத்தனை வருடமாக எங்கள் உடுப்பை வெளுக்கிறார், தன் தொழிலை ஒருவருக்கும் மறைத்ததில்லை என்று எழுதியிருந்தார்கள். பிறகு கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறிப் போய்ப் பழைய சார்ஜன்டைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். பேக்கரி முதலாளி அதிகாரிக்கு முன்னால் கையை நீட்டி, "மே அபே லோண்டரி முதலாளி, மாத்தையா" என்றார். இவர் எங்கள் லோண்டரி முதலாளி. எங்கள், என்றார். எங்கள் ஆட்கள் ஆறு பேர் சொல்லாத சொல் அது. பத்தொன்பதாம் நாள் அப்பா வெளியே வந்தார்.

இடது தோள் அதற்குப் பிறகு சரிவரவில்லை. தேய்க்கும் கரிப்பெட்டியைத் தூக்க முடியாது. தேய்ப்பு வேலை அம்மாவுக்கும் தம்பிமாருக்கும் போனது. குழு புதிய பட்டியல் கொடுத்தது. அதில் ஆறு பேர்தான். அப்பா இல்லை. அதைப் பற்றி ஒருவரும் அவரிடம் சொல்லக்கூட இல்லை. ஆனால் தாய்மார் மறுபடியும் எங்கள் கதவைத்தான் தட்டினார்கள், அப்பாவும் மறுபடியும் போனார். கடிதம் கொடுக்கும் உரிமை இல்லை. வெறும் வாயோடு போனார். "இனியும் ஏனப்பா?" என்று தம்பி கத்தினான். "அந்த மனுசி வாசல்ல நிண்டு அழுகுது. நான் என்ன, பூசையில இருக்கிறன் எண்டு சொல்லவே?" என்றார். எங்கள் வீட்டில் அப்பா குழுவைக் குத்திப் பேசியது அந்த ஒரு தரம்தான்.

கடைசி இரண்டு வருடம் சிறுநீரகம் பழுதாகிப் பொரளை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். யுத்தம் முடிவதைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். அது இன்னும் முடியவில்லை. இன்றும் விடியப் பஸ் வருகிறது, இன்றும் பட்டியல் கேட்கிறார்கள். பொரளையில் தகனம் நடந்தபோது அப்பா வெளியில் எடுத்த பிள்ளைகளில் பதினொரு பேர் வந்திருந்தார்கள். தலைவரும் வந்தார், சந்தன மாலையோடு. பேச அனுமதி கேட்டார். நான் மறுத்தேன். மூத்த தம்பி இன்னும் அதற்காக என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

நன்றி சொல்லவேண்டும். பேக்கரி முதலாளிக்கும் அவருடைய மனைவிக்கும், தையல் கடை ஐயாவுக்கும், அந்தச் சார்ஜன்டுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கையெழுத்துப் போட்ட வீடுகளுக்கு நன்றி. இரத்தம் கொடுத்த லொட்ஜ்ப் பிள்ளைகளுக்கு நன்றி. புடைவைக் கடைக்காரருக்கு, அழுததற்காக நன்றி. தலைவருக்கும் ஒரு நன்றி இருக்கிறது. கேற்றுக்கு அந்தப் பக்கம் நின்று அவர் ஒரு விஷயத்தை அம்மாவுக்குச் சொல்லாமல் விட்டார். இத்தனை வருடமும் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதை நானே சொல்லுகிறேன்.

பட்டியல் அடித்த அன்று, ஆறு பேருடையதும் முடிந்து அப்பாவின் பெயர் வந்தபோது தலைவர் நிறுத்தினார். "உம்மட அப்பாவுக்கு என்ன பிள்ளை போடுறது? லோண்டரி எண்டே போடுவமே?" என்று கேட்டார். லோண்டரி என்று போட அவர் ஆயத்தமாகத்தான் இருந்தார். எனக்கு அப்போது இருபது வயது. டாக்குத்தரின் மகளும் நானும் ஒரே ரைப்ரைட்டிங் வகுப்பு. அப்பா பிசினஸ் செய்கிறார் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். பட்டியல் அவர்கள் வீட்டுக்கும் ஒரு பிரதி போகும்.

"வர்த்தகர் எண்டு போடுவம், ஐயா" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். சரி என்றார். நான் அடித்தேன். பிறகு ஒவ்வொரு காலையும் அந்த அதிகாரியின் மேசைக்கு முன்னால் உடுப்போடு நின்றேன். அந்த ஒரு வசனத்தைச் சொல்லத் தலைவர்தான் வேண்டும் என்றில்லை. நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஆறு பேரையும் திட்டினேன். இன்றைக்கும் திட்டுகிறேன், அவர்கள் திட்டு வாங்க வேண்டியவர்கள்தான். ஆனால் அந்த வரிசையில் ஏழாவதாக நிற்பது அப்பா இல்லை.

அப்பாவுக்குத் தெரியும். உள்ளே அந்தப் பட்டியலை அவருக்குக் காட்டித்தான் அடித்தார்கள். வெளியே வந்த அன்று, அம்மா தோளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டார்.

"உன்ர ரைப்பிங்கைப் பாத்தனான் பிள்ளை" என்றார். "வடிவா அடிச்சிருக்கிறாய். ஒரு இடத்திலயும் அழிச்சு அடிக்கேல்லை."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்க முதல் இளைய தம்பி வாசித்தான். "அக்கா, இதுகளை எழுதினா எங்களுக்கு மரியாதை இல்லை" என்றான். மரியாதை பார்த்துத்தானே, தம்பி, நான் அப்பாவைப் பத்தொன்பது நாள் உள்ளே இருக்க விட்டேன்.